திறப்பை நான் வைத்திருந்தேன்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் சில தமிழ் வீடுகளில் ஓடும் ரவுட்டர்களின் கடவுச்சொல் அந்த வீட்டாருக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். பல வருடங்களாக இதை உதவி என்று சொல்லிவந்தேன். உண்மையில், அடுத்தவர் வீட்டுத் திறப்பை என் பையில் போட்டுக்கொண்டு, அந்தக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கக்கூடப் போகாமல் இருந்திருக்கிறேன்.

இணைய நிறுவனம் தரும் ரவுட்டரைத்தான் பாவிக்க வேண்டும் என்ற கட்டாயம் 2016 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஜெர்மனியில் சட்டப்படி நீங்கியது. அந்த உற்சாகத்தில் எங்கள் நகரின் பகுதிகளான பார்மனிலும் எல்பர்ஃபெல்டிலும் எம்மவர் வீட்டு ரவுட்டர்களில் ஓப்பன் டபிள்யூஆர்டி போட்டுக் கொடுக்கத் தொடங்கினேன். ஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமத்துக்குக் கட்டுப்பட்டு 2003இல் லிங்க்சிஸ் நிறுவனம் தன் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூலநிரலை வெளியிட, அதிலிருந்து 2004இல் வளர்ந்த மென்பொருள் அது. யாரும் படிக்கலாம், திருத்தலாம். ரவுட்டரைச் செய்தவர்கள் கைவிட்ட பிறகும் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். "உங்கட பெட்டி, உங்கட கட்டுப்பாட்டில் இருக்கும்" என்று வீடு வீடாகச் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

அதைப் போடுவதற்கு முதலில் ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். மாடல் ஒன்றாக இருந்தாலும் ஒன்பதாம் பதிப்புக்கான கோப்பு பதினொன்றாம் பதிப்புக்கு ஆகாது. ஏற்றியபின் விளக்குகள் மின்னி அடங்கும்வரை மின்சாரத்தை நிறுத்தக்கூடாது. பிறகு 192.168.1.1 என்று அடித்துத் திறந்தால், இன்னும் கடவுச்சொல் வைக்கவில்லை என்ற எச்சரிக்கை மேலே நிற்கும்.

நான் பிழை விட்டது அந்த இடத்தில்தான். பக்கத்தில் தேத்தண்ணியோடு வீட்டுக்கார அக்கா நிற்பார். "நீங்களே ஒண்டு அடியுங்கோ அக்கா, கொப்பியில எழுதியும் வையுங்கோ" என்று மடிக்கணினியை அவர் பக்கம் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? திருப்பவில்லை. நானே அடித்தேன். எல்லா வீட்டுக்கும் ஒரே கடவுச்சொல். "தம்பி, நெற் நிண்டுபோச்சு, பிள்ளைக்கு நாளைக்குச் சோதினை, ஒருக்கா வாறீங்களே?" என்று அழைப்பு வரும்போது மனம் குளிர்ந்தது. அவர்களுக்கு நான் எப்போதும் தேவைப்பட வேண்டும் என்று விரும்பினேன்.

2017 அக்டோபர் 16 அன்று, வைஃபையைப் பூட்டும் டபிள்யூபிஏ2 முறையில் 'கிராக்' என்ற ஓட்டை இருப்பதை பெல்ஜியத்து ஆய்வாளர் மத்தி வான்ஹூஃப் வெளியிட்டார். அது முக்கியமாகத் தாக்கியது வைஃபையை வாங்கும் பக்கத்தை. சில வீடுகளில் மேல்மாடி ரவுட்டர் கீழ்மாடியிலிருந்து வைஃபை வாங்கும்படி நான் அமைத்திருந்தேன். அந்த ஆபத்து நேரே அவற்றின் மேல் விழுந்தது. திருத்திய பதிப்பு சில நாட்களிலேயே வந்துவிட்டது. என் வீட்டு ரவுட்டரை உடனே புதுப்பித்தேன். அந்த வீடுகளுக்குப் போகவில்லை. அடுத்த கிழமை, அடுத்த மாதம் என்று தள்ளி, போகவேயில்லை. சொல்லவும் இல்லை; சொன்னால் என்மேல் வைத்த மதிப்புக் குறையும் என்று பயந்தேன். ஓப்பன் டபிள்யூஆர்டி தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் போட்டுக் கொடுத்தவற்றில் பல, 4 எம்பி சேமிப்பும் 32 எம்பி நினைவகமும் உள்ள மலிவுப் பெட்டிகள். அவற்றுக்கான ஆதரவு 19.07 தொடரோடு முடிந்தது. அதன் பிறகும் அவை ஓடின. பிள்ளைகளின் பாடம், வங்கிக் கணக்கு, ஊரிலிருக்கும் அம்மாவின் குரல் எல்லாம் அவற்றின் வழியாகத்தான் போய்வந்தன.

இலவச வைஃபையைப் பகிரும் ஃப்ரைஃபுங்க் குழுக்கள் இதே வுப்பர்டாலிலும் உண்டு. அவர்கள் பாவிக்கும் குளுவான் மென்பொருளும் ஓப்பன் டபிள்யூஆர்டியின் மேல் கட்டியதே. அதில் ரவுட்டர் புதிய பதிப்பைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. பராமரிப்பவர்களில் குறித்த எண்ணிக்கையினர் மின்னொப்பம் இட்டிருந்தால்தான் அதை ஏற்கும். ஒருவர் மறந்தாலும், ஒருவர் பிழை விட்டாலும் வலையமைப்பு தாங்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். நானோ அத்தனை வீடுகளையும் என் ஒருவனின் ஞாபகத்தில் தொங்கவிட்டேன். நிறுவனத்திடமிருந்து எடுத்த அதிகாரத்தை வீட்டுக்காரர் கையில் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன். அவர்களுக்குச் சொன்ன சுதந்திரம் அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

இப்போது ஒவ்வொரு வீடாகப் போகிறேன். புதுப்பிக்க முடியாத பெட்டிகளைக் கழற்றச் சொல்கிறேன். தாங்களே பராமரிக்க விரும்பாதவர்களுக்குத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சாதாரண ரவுட்டரே நல்லது என்று சொல்லிவிடுகிறேன். மற்ற வீடுகளில் கடவுச்சொல்லை அவர்களே அடிக்கிறார்கள். நான் திரும்பி நிற்கிறேன். "அப்ப இவ்வளவு நாளும் ஏன் தம்பி சொல்லேல்லை?" என்று ஒரு அக்கா கேட்டார். பயத்தில்தான் சொல்லவில்லை என்றேன்.

இன்னும் போகாத வீடுகள் இருக்கின்றன. உங்கள் ரவுட்டரை அமைத்தவன் நானென்றால், நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கூப்பிட்டுக் கடவுச்சொல்லைக் கேளுங்கள், வாங்கியதும் மாற்றிவிடுங்கள். அது முதல்நாளே உங்களிடம் தந்திருக்க வேண்டியது.