மேலேயிருந்து தெரியாத வேலூர்

முழங்கால் தேய்ந்து போனதிலிருந்து அப்பாவுக்கு ஊர் சுற்றுவதெல்லாம் யூடியூபில்தான். போன மாதம் ஒரு நாள் ஸ்காட்லாந்தில் இருந்தார். லின்லித்கோ என்ற ஊர். ஏரிக்கரையில் ஓர் அரண்மனை, அதை ட்ரோன் சுற்றிச் சுற்றி வருகிறது. 1542இல் மேரி ராணி பிறந்த இடம். 1746இல் தீப்பிடித்து எரிந்ததோடு கூரை போய்விட்டது. மேலேயிருந்து பார்த்தால் மூடி திறந்த டப்பா மாதிரி அறை அறையாகத் தெரிகிறது.

"நம்ம நாமக்கல்லு மாதிரியே இருக்குது கண்ணு" என்றார் அப்பா. "கோட்டை, கீழ தண்ணி, சுத்தி ஊரு."

வெளியூர்க்காரர்களுக்கு வேலூர் என்றால் கோட்டையும் ஜெயிலும் ஆஸ்பத்திரியும்தான். எங்கள் வேலூர் பரமத்தி வேலூர். காவிரி உண்டு, வாழைத்தார் உண்டு, வெற்றிலை உண்டு, கோட்டை கிடையாது. கோட்டை பார்க்க நாமக்கல்லுக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

நாமக்கல் வீடியோவையும் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஊர் நடுவில் இருநூறு அடிக்கு மேல் உயர்ந்த ஒரே பாறை. அதன் விளிம்பை ஒட்டியே வளைந்து போகிறது மதில். படிகள் பாறையில் நகத்தால் கீறியது போலிருந்தன. கீழே கமலாலயக் குளம். அனுமன் குளிக்க இறங்கியபோது கையிலிருந்த சாளக்கிராமத்தைத் தாயாரிடம் கொடுத்ததாகவும், அவர் திரும்பி வரத் தாமதமானதால் தாயார் அதைக் கீழே வைத்துவிட, அதுதான் இப்படி வளர்ந்து நிற்கிறது என்றும் கதை. அப்படியானால் இந்த ஊரை முதலில் வானத்திலிருந்து பார்த்தவர் அவர்தான். இன்றும் பதினெட்டு அடி உயரத்தில் கூரையில்லாமல் நிற்கிறார், வெயிலும் மழையும் நேராகத் தலையில். அவர் கும்பிடும் நரசிம்மரோ எட்டாம் நூற்றாண்டில் பாறைக்குள் குடைந்த கோயிலில் இருக்கிறார். எந்த ட்ரோனுக்கும் அகப்படமாட்டார்.

கீழேயிருந்து பார்க்கும்போது கோட்டை நாம் வேடிக்கை பார்க்கிற பொருள். மேலேயிருந்து பார்த்தால்தான் தெரிகிறது, வேடிக்கை பார்ப்பதற்காகவே அதைக் கட்டியிருக்கிறார்கள். மேலே ஒரு பெருமாள் கோயில், ஒரு தர்கா, மீதியெல்லாம் வெறும் பாறை. அங்கே நின்றவனுக்கு வேலையே நாலு திக்கும் பார்ப்பதுதான்.

நானும் அங்கே நின்றிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு முழு ஆண்டு லீவு. எங்கள் கொடிக்காலை விற்பது சம்பந்தமாக அப்பா நாமக்கல்லில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். பேச்சு முடிந்து வெளியே வந்தவர் ஒன்றும் சொல்லாமல் பாறை மேல் ஏறத் தொடங்கினார். வெயிலில் பாறை சுட்டது, நான் குதித்துக் குதித்து ஏறினேன். உச்சியில் மதில் ஓரமாக என்னைத் தூக்கிப் பிடித்துத் தென்மேற்கே கை நீட்டினார்.

"அங்க பாரு, காவேரி. அதுக்கு இந்தப் பக்கம் பச்சையா தெரியுதல்ல, அதான் நம்ம கொடிக்கா."

கானல்தான் தெரிந்தது. வேலூர் இருபது கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம். ஆனால் அவர் குரலைக் கேட்டதும், "தெரியுதுங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாசம் கொடிக்கால் கைமாறியது. அந்தப் பொய்யை இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

வீடியோவில் ட்ரோன் பாறையைச் சுற்றி வந்தது. குளம், மதில், பஸ் ஸ்டாண்டு பக்கம், மறுபடி குளம். அப்பா ஃபோனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நம்மூர்ப் பக்கம் திரும்பவே மாட்டேங்குது."

"திரும்பினாலும் தெரியாதுங்கப்பா. ரொம்பத் தூரமுங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. வீடியோ முடிந்து ஏதோ கோழிப்பண்ணை விளம்பரம் ஓடியது.

"அன்னிக்கும் ஒண்ணும் தெரியல கண்ணு" என்றார். "நீ தெரியுதுன்னியா, சரி பையனுக்காவது தெரியுதேன்னு நெனச்சுக்கிட்டேன்."

பிறகு மறுபடி ஸ்காட்லாந்தைப் போடச் சொன்னார்.