பொருளடக்கம் புத்தகத்தை விழுங்கிய கதை

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய ஆபீஸ் நோட்டு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கத்தில் "64 எம்பி × 400" என்று எழுதிக் கட்டம் போட்டிருந்தேன். பேரன், "இது என்ன தாத்தா?" என்றான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

2009-ஆம் வருடம். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் நான்தான் மூத்தவன். லினக்ஸில் ஓடிய டேட்டாபேஸ் சர்வர் ஒன்று; மெமரி 64 ஜிபி. அதில் 32 ஜிபி, எல்லா பிராசஸ்களும் பங்கிட்டுக்கொள்ளும் பொதுப் பகுதி. மாதக் கடைசியில் கூட்டம் கூடினால் சர்வர் படுத்துவிடும். புதிதாகச் சேர்ந்த பையன் எழுதிய புரோகிராம் அப்போதுதான் ஏறியிருந்தது. அதுதான் மெமரியைத் தின்கிறது என்று அறிக்கை அடித்துவிட்டேன். பையன் புரொபேஷனில் இருந்தான். அந்த அறிக்கை மேலே போயிருந்தால் அவன் வேலையும் போயிருக்கும்.

அனுப்புவதற்கு முன், மனசு கேட்காமல் மெமரிக் கணக்கை வரிவரியாகப் பார்த்தேன். பேஜ் டேபிள் என்ற வரியில் ஏறக்குறைய 25 ஜிபி!

விஷயம் இதுதான். கெர்னல் மெமரியை 4 கேபி பக்கங்களாகப் பிரிக்கிறது. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் 8 பைட்டில் ஒரு குறிப்பு. 32 ஜிபிக்கு 83,88,608 குறிப்புகள். அதாவது 64 எம்பி. பகுதி பொது என்றாலும் குறிப்பேடு ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி. மாதக் கடைசியில் 400 பிராசஸ்கள் அநேகமாக எல்லாப் பக்கங்களையும் தொட்டுவிடும். பெருக்கிப் பாருங்கள். பொருளடக்கம் புத்தகத்தளவு வளர்ந்துவிட்டது!

பையன்மேல் ஒரு தப்பும் இல்லை. அறிக்கையைக் கிழித்துப் போட்டேன்.

இதற்கு மருந்து 2 எம்பி பெரிய பக்கங்கள். ஒன்று 512 சின்னப் பக்கங்களுக்குச் சமம். 64 எம்பி குறிப்பேடு 128 கேபியாகச் சுருங்கிவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருந்த சர்வரில் 16,384 பெரிய பக்கங்கள் கேட்டதற்குச் சில நூறுதான் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் 2 எம்பி இடம் தொடர்ச்சியாக வேண்டும். பல நாள் ஓடிய மெமரியோ துண்டுதுண்டாகக் கிடந்தது. ஞாயிறு ராத்திரி ரீபூட் செய்து, துவக்கத்திலேயே ஒதுக்கினோம். அந்த மாதக் கடைசி சத்தமில்லாமல் கழிந்தது.

பிறகு பையனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அந்த வரியை எப்படிப் பாக்கறதுன்னு எனக்கும் சொல்லித் தாங்க சார்" என்றான்.

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னேன். அன்று அவனுக்காக எழுதிக் காட்டிய கணக்குத்தான் அந்தக் கட்டம்.