இலை கொட்டும் காலத்தில் குளுவாங்

மலேசியாவில் வசந்த காலம் கிடையாது, வெயிலும் மழையும்தான் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். தோட்டத்தில் பிறந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். தைப்பூசம் முடிந்து வெயில் ஏறியதும் ரப்பர் இலைகள் மஞ்சளாகி, சிவந்து, கொத்துக் கொத்தாகக் கொட்டும். எப்போதும் இருட்டாகக் கிடக்கும் காட்டுக்குள் வானம் தெரியும். சில வாரங்களில் செம்பு நிறத்தில் துளிர்கள் தொங்கும், கூடவே மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும் இதுதான் நம்மூர் இலையுதிர் காலம், நம்மூர் வசந்தம்.

இந்த மார்ச் முதல் வாரம் அதைத் தேடித்தான் குளுவாங் போனோம். நண்பர்கள் நான்கு பேர். குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இன்று ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஒருவர் கிள்ளானில் மின்சார வேலை பார்க்கிறார், ஒருவர் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு லோரி ஓட்டுகிறார். ஐந்தாவது ஆளாக லோரி நண்பரின் அம்மா. முப்பத்தெட்டு வருடம் மரம் சீவியவர். ஏப்ரலில் அவருக்கு முட்டி அறுவை சிகிச்சை. "கத்தி வைக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை இலை கொட்டுறதப் பாத்துட்டு வந்துடறேன். அப்புறம் நடக்க முடியுதோ என்னவோ" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். பயணத் திட்டம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிவாகிவிட்டது.

கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் ஈத்தாம் வரை வந்து, அங்கிருந்து கிழக்கே 50ஆம் எண் கூட்டரசு சாலையைப் பிடிக்க வேண்டும். பீங்கான் சாமான் கடைகளைத் தாண்டி அரை மணி நேரத்தில் குளுவாங். லோரி நண்பரும் அம்மாவும் தெற்கிலிருந்து வந்து எங்களுக்கு முன்பே காத்திருந்தார்கள்.

குளுவாங் என்ற பெயர் பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. 1909இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை போடப்பட்டது. பாதையை ஒட்டித் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களோடு ஊரும் பெருகியது. அந்த ரயில் நிலையத்தில் 1938இல் தொடங்கிய கோப்பிக்கடைதான் இன்று நாடு முழுவதும் குளுவாங்கின் பெயரைச் சொல்கிறது. நெருப்பில் வாட்டிய ரொட்டி, உள்ளே காயாவும் வெண்ணெயும், பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை, தடித்த பீங்கான் கோப்பையில் கோப்பி. குளுவாங்கில் பசியாறல் என்றால் இதுதான்.

அந்தக் கோப்பியில் நம் கதையும் கொஞ்சம் கரைந்திருக்கிறது. ஜொகூரில் விளைவது பெரும்பாலும் லைபீரிகா என்ற உயரமான மரவகைக் கோப்பி. மலாயாவுக்கு வந்த தமிழர்கள் பலர் 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களில்தான் முதலில் வேலை செய்தார்கள். 1890களில் கோப்பி விலை சரிந்தபோது துரைமார்கள் ரப்பருக்கு மாறினார்கள். பிரேசிலிலிருந்து 1876இல் லண்டனுக்குப் போன விதைகளின் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்திருந்தன. கோப்பி போய் ரப்பர், ரப்பர் போய் செம்பனை. பயிர் மாறும்போதெல்லாம் நம் குடும்பங்களின் வாழ்க்கையும் சேர்ந்தே மாறியது.

பசியாறியதும் நாங்கள் பிறந்த தோட்டத்துக்கு வண்டியை விட்டோம். உள்ளே திரும்பும் இடத்தில் முனீஸ்வரர் கோயில் அப்படியே இருக்கிறது. புதிதாகச் சாயம் பூசியிருக்கிறார்கள். அதற்கு அப்பால் எல்லாம் செம்பனை. லயங்கள் இருந்த இடத்தில் ஒரு கிணற்று விளிம்பும் இரண்டு கொய்யா மரங்களும் மிச்சம். பெரட்டுக்கு நின்ற திடலை அடையாளம் காண முடியவில்லை. அம்மா வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "இது எப்ப பாத்தாலும் ஒரே மாதிரி நிக்குது. இதுக்கு ஏது மாசம்?" என்றார்.

உண்மைதான். செம்பனை இலை கொட்டுவதில்லை. ஆண்டு முழுவதும் ஒரே பச்சை, ஒரே குலை வெட்டு. உலகத்திலேயே அதிகமாக ரப்பர் விளைவித்த நாடாக இருந்த மலேசியா, 1990களின் தொடக்கத்தில் அந்த இடத்தைத் தாய்லாந்திடம் விட்டது. பெரிய தோட்டங்கள் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டன. செம்பனைக்குக் குறைந்த ஆள் போதும். மிச்ச ஆட்கள் பட்டணத்துக்குப் போனார்கள். குளுவாங் வட்டாரத்தில் லாடாங் லம்பாக், லாடாங் மெங்கிபோல், லாடாங் நியோர் என்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் தோட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பனிக்கட்டி விழுறதப் பத்திக் கட்டுரை எழுத வருது. ரப்பர் மரத்தக் காட்டினா என்ன மரம் சார்னு கேக்குதுங்க" என்றார் ஆசிரியர் நண்பர்.

இனி ரப்பரைப் பார்க்க வேண்டுமென்றால் சிறு தோட்டக்காரர்களிடம்தான் போக வேண்டும். கஹாங் போகும் சாலையில் மெதுவாக ஓட்டினோம். வலப்பக்கம் ஓரிடத்தில் செம்பனைப் பச்சைக்கு நடுவே துரு நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. அம்மாதான் முதலில் பார்த்தார். "நிறுத்துயா!"

ஏழெட்டு ஏக்கர் இருக்கும். வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் அம்மாவைப் பார்த்தார். "மாக்சிக் பழைய தோட்டத்து ஆளா?" என்று மலாயில் கேட்டு, உள்ளே போகச் சொன்னார்.

கால் வைத்த இடமெல்லாம் சருகு. பாதி மரங்கள் மொட்டை. பாதியில் துளிர் வந்துவிட்டது. பிறந்த குழந்தையின் கைபோலத் தொய்ந்து தொங்கும் செம்பு நிறத் துளிர். அம்மா மகன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு மரத்தருகே போனார். வானத்தைப் பார்க்கவில்லை. பட்டையைத்தான் தடவினார். "இங்க பாரு, கத்தி கட்டையில பட்டிருக்கு. காயம். இந்த எடம் மேடு தட்டிப்போகும், மறுபடி சீவ முடியாது." பெரியவர் சிரித்துவிட்டார். போன வருடம் மகன் பழகியபோது பட்ட காயமாம்.

சீவுவது லேசான வேலை இல்லை. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரை விட்டுவைக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரத்துக்குக் காயம். கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிய வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். இலை கொட்டும் காலத்தில் மரம் தன் சத்தையெல்லாம் துளிருக்குக் கொடுப்பதால் பால் வற்றிவிடும். பெரியவரும் மூன்று வாரமாகக் கத்தியைத் தொடவில்லை. "மரமும் ஓய்வு எடுக்கணும்" என்றார்.

"உங்க மரம், ஓய்வு கொடுக்கலாம்" என்றார் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நீங்கள்லாம் இதுல விளையாடுனீங்க. எனக்கு இந்த மாசத்தக் கண்டாலே பயம். தையில பொங்கல் செலவு, பள்ளிக்கூடம் தொறந்து சட்டை, சப்பாத்து, புஸ்தகம். அது முடியறதுக்குள்ள இலை கொட்டும். பால் எடை பாதிக்கு எறங்கிடும், கைக்காசு கொறஞ்சிடும். சீனன் கடையில கடன் சொல்லித்தான் மூணு மாசம் ஓட்டுவேன். ஒரு வருசம் இவனுக்குச் சப்பாத்து வாங்கல. மழைன்னு சொல்லி ரெண்டு நாள் நிறுத்தி வெச்சேன்."

லோரி நண்பர் சருகைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நாளும் அவருக்குக் காய்ச்சல் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இத்தனை வருடத்தில் அவரும் எங்களிடம் சொன்னதில்லை.

இன்று சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். நாடளாவிய குறைந்தபட்சச் சம்பளமே 2013இல்தான் வந்தது, அப்போது தீபகற்பத்தில் 900. அதற்கு முன்பு சீவியவர்களுக்கு மழை பெய்தால் ஒரு கணக்கு, இலை கொட்டினால் ஒரு கணக்கு. நாம் அழகு என்று தேடிப்போன காலம், அவர்களுக்கு அடுப்பு மங்கிய காலம்.

"அப்புறம் ஏம்மா பாக்கணும்னு சொன்னே?" என்று மகன் கேட்டார்.

"பயமில்லாம ஒரு தடவை பாக்கணும்னு தோணுச்சு."

அதற்குமேல் யாரும் பேசவில்லை. பெரியவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். அவருடைய மரங்களுக்கும் வயதாகிவிட்டது. இருபத்தைந்து, முப்பது வருடத்தில் ரப்பர் மரம் தளர்ந்துவிடும். அடுத்து டுரியான் நடலாமா என்று மகனோடு யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.

மறுநாள் காலை நானும் ஆசிரியர் நண்பரும் குனோங் லம்பாக் ஏறினோம். 510 மீட்டர் உயரம். ஊரை ஒட்டியே இருப்பதால் குளுவாங் மக்களுக்கு அது காலை நடை மாதிரி. வேர்களையும் பாறைகளையும் பிடித்து மேலே போனால் ஊர் முழுவதும் தெரிகிறது, அதைச் சுற்றி அடிவானம் வரை செம்பனை. துரு நிறத் திட்டுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தோம். ஒரு கை விரல்கள் போதுமானதாக இருந்தன. ஆசிரியர் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். நான்காம் வகுப்பைப் பள்ளி வேனில் அந்தப் பெரியவரின் தோட்டத்துக்கு அழைத்துவரத் தலைமையாசிரியரிடம் கேட்கப் போகிறாராம். பெரியவரிடம் முதல் நாளே அனுமதி வாங்கிவிட்டார்.

நீங்களும் போகலாம். பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் கடைசிக்குள் போங்கள். வெயில் ஏறுவதற்கு முன் போனால் காடு குளுமையாக இருக்கும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். உங்கள் வீட்டில் மரம் சீவியவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் நடக்க விடுங்கள். எந்த மரத்தில் கத்தி ஆழமாகப் பட்டது என்று காட்டத் தெரிந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.