இரண்டு லண்டன்

கொரோனா வந்து போன பிறகு இரண்டு மாதம் எனக்கு வாசனையே இல்லை. காப்பி வெந்நீராக இறங்கியது. ரசம் புளித்தது, காரமாகவும் இருந்தது, ஆனால் ரசமாக இல்லை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. வெளியே போய்த் திரும்பிய மகள், "என்னப்பா, வாசல் வரைக்கும் கேஸ் நாத்தம்!" என்று ஓடிவந்து ரெகுலேட்டரை மூடினாள்.

சமையல் கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளி கலந்து நாமாக ஏற்றிய நாற்றம் அது. (பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணமும்தான், எங்கே சறுக்கியதோ!) இப்படிக் கலப்பது டெக்சாஸில் சட்டமானதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. எண்ணெய்க் கிணறுகள் சூழ்ந்த ஊர், பெயர் நியூ லண்டன். வசதியான பள்ளிதான். ஆனாலும் கேஸ் செலவை மிச்சம்பிடிக்க, எண்ணெய்க் கம்பெனி வீணென்று எரிக்கும் வாயுவைக் குழாய் போட்டு இழுத்துக்கொண்டார்கள். அது கட்டடத்துக்கு அடியில் கசிந்து சேர்ந்தது. பிள்ளைகள் தலைவலி என்றார்கள். யார் மூக்கும் எதையும் சொல்லவில்லை. 1937 மார்ச் 18, பள்ளி விடும் நேரம். தொழிற்பயிற்சி அறையில் மின் இயந்திரம் ஒன்று பொறி விட்டது. ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள். சில வாரங்களில் சட்டம் வந்தது.

பழைய லண்டனில் நடந்தது இதற்குத் தலைகீழ். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் சாக்கடை நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத் திரைச்சீலைகளை பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். கெட்ட காற்றுதான் காலராவைக் கொண்டுவருகிறது என்று நம்பிய காலம். இல்லை, தண்ணீர்தான் என்று 1854இலேயே ஒரு தெரு அடிபம்பைக் காட்டிச் சொன்னவர் டாக்டர் ஜான் ஸ்னோ. பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உறுப்பினர்களின் மூக்கு சொன்னதோ உடனே எடுபட்டது: 18 நாளில் மசோதா நிறைவேறியது. பேசல்கெட் என்ற பொறியாளர் நிலத்தடியில் சாக்கடை கட்டினார். நாற்றத்தை விரட்டக் கட்டியது, குடிநீரிலிருந்து கழிவைப் பிரித்தது. 1866இல் காலரா திரும்பி வந்தபோது அதிகம் அடிவாங்கியது, புதுச் சாக்கடை இன்னும் இணையாத கிழக்குப் பகுதிதான். ஸ்னோ அதைப் பார்க்கவில்லை. அந்த நாற்றக் கோடையிலேயே, ஜூன் 16ஆம் தேதி, இறந்துபோனார். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

இரண்டு மாதம் கழித்து சிலிண்டர் மாற்றும்போது 'புஸ்'ஸென்று ஒரு நொடி ஏதோ மூக்கில் ஏறியது. "நாறுதும்மா!" என்று கத்தினேன். மகள் பதறி ஓடிவந்து ஜன்னல்களைத் திறந்தாள்.