‘மதுரைப் பக்கம்’ இல்லை... வீரசோழன்! - நான்கு நண்பர்களின் ஆயுத பூஜை விடுமுறை

சென்னையில் வேலை பார்க்கும் தென்மாவட்டத்துப் பிள்ளைகளிடம் “எந்த ஊர்?” என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் “மதுரைப் பக்கம்” என்பார்கள். எந்தப் பக்கம் என்று நாம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் என்று நீளும் கரிசலும் செம்மண்ணுமான பூமியில் பிறந்தவர்களுக்கு இந்த ‘மதுரைப் பக்கம்’ இன்னும் வசதி. 1985-ல் விருதுநகர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை இது பழைய ராமநாதபுரம் மாவட்டம். “தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்” என்று அரசு ஊழியர்களை மிரட்டும் வசனம் இருக்கிறதே, அந்தக் காட்டில் இதுவும் சேர்த்திதான். சினிமாவில் அந்த வசனத்துக்குத் தியேட்டரே சிரிக்கும். அந்த ஊர்ப் பிள்ளை மட்டும் பாப்கார்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பையனின் ஊருக்குத்தான் 2025 ஆயுத பூஜை விடுமுறையில் மூன்று நண்பர்கள் கிளம்பினார்கள். வீரசோழனில் இறங்கி மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் அவன் கிராமம். ஒரே கல்லூரியில் நாலு வருஷம், சென்னையில் மூணு வருஷம் என ஏழு வருஷ நட்பு. அதுவரை அவன் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

கொரியா டு வீரசோழன்!

உண்மையில் அவர்கள் போட்ட திட்டம் தென்கொரியா. கூட்டத்தில் இருக்கும் காஞ்சிபுரம் பெண்ணுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய நிறுவனத்தில் வேலை. கொரியத் தொடர்களில் வரும் கிராமங்கள், தெருவோர மரத்தடி மேடை, வீட்டு முற்றத்தில் காயும் மிளகாய் எல்லாவற்றையும் நேரில் பார்க்க வேண்டும் என்பது அவளது நெடுநாள் ஆசை. விமான டிக்கெட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்ததும் நால்வரும் அமைதியானார்கள்.

“எங்க மேனேஜரே இந்த லீவுக்கு சியோல்ல இருக்க மாட்டாராம். சொந்த கிராமத்துக்குப் போறாராம்” என்றாள் அவள்.

அங்கே அது ‘சூசோக்’ பண்டிகைக் காலம். அறுவடைத் திருநாள். 2025-ல் அக்டோபர் 6-ம் தேதி வந்தது. அரிசி மாவுக்குள் எள் பூரணம் வைத்து, பைன் இலைகளின் மேல் அவித்தெடுக்கும் ‘சோங்பியோன்’ செய்வார்கள். நம் கொழுக்கட்டைக்குத் தங்கச்சி என்று சொல்லலாம். முன்னோரின் கல்லறையில் புல் செதுக்கிப் படையல் போடுவார்கள். நமக்குப் பெருங்களத்தூர் எப்படியோ, அப்படி சியோலை விட்டு வெளியேறும் சாலைகள் எல்லாம் அன்று கார்களால் நிரம்பியிருக்கும். ஆனால், அவர்கள் போய்ச் சேரும் கிராமங்களில் பெரும்பாலும் வயதானவர்கள்தான் மிச்சம். 2023 கணக்கெடுப்பின்படி கொரியாவின் விவசாயக் குடும்பங்களில் இருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

“அப்போ கொரியாக்காரனே சொந்த ஊருக்குப் போறான். நாமளும் ஊருக்கே போவோம். யார் ஊருக்குப் போறது?” என்று கேட்டாள் சென்னைப் பெண். தஞ்சாவூர்ப் பையனின் ஊருக்கு ஏற்கெனவே இரண்டு முறை போயாகிவிட்டது. காஞ்சிபுரம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னைப் பெண்ணுக்கு ஊர் சென்னைதான். மூவரும் ஒரே நேரத்தில் நான்காமவனைப் பார்த்தார்கள்.

“எங்க ஊர்ல பார்க்க ஒண்ணுமே இல்லடா” என்றான் அவன். ஏழு வருஷமாகச் சொன்ன அதே பதில். இந்த முறை யாரும் விடவில்லை.

வெள்ளம் வடிந்த ஊர்

செவ்வாய் இரவு பஸ் ஏறி, அக்டோபர் 1 புதன்கிழமை காலை அருப்புக்கோட்டையில் இறங்கினார்கள். ஆயுத பூஜை நாள். கடைவாசல்களில் பூசணிக்காயும் வாழைக்கன்றும் குவிந்திருந்தன. நெசவுக்குப் பெயர்போன ஊர் என்பதால், மற்ற நாட்களில் தெருக்களுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம் கேட்கும். அன்று தறிகளுக்கெல்லாம் ஓய்வு. சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு சும்மா நின்றன.

அங்கிருந்து திருச்சுழிக்கு டவுன் பஸ். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம்வரை சீமைக்கருவேலம். இடையிடையே பனை. “பார்த்தீங்களா, நான்தான் சொன்னேன்ல” என்று வீரசோழன் பையன் நொடிக்கொரு தரம் சொல்லிக்கொண்டே வந்தான். யாரும் குறை சொல்லவில்லை. அவனே முந்திக்கொண்டு குறை சொல்லிவிட்டான்.

திருச்சுழி திருமேனிநாதர் கோயில் தேவாரப் பாடல் பெற்ற தலம். பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் பூமியில் துளைபோட்டு உள்ளே இறக்கியபோது, தண்ணீர் சுழித்துக்கொண்டு போனதால் ஊருக்குச் ‘சுழியல்’ என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. கதையைக் கேட்ட தஞ்சாவூர்ப் பையன், பக்கத்தில் மணலாகக் கிடந்த குண்டாற்றைப் பார்த்தான். “அன்னிக்கு இறக்குனதுல கொஞ்சம் மேல விட்டு வெச்சிருக்கலாம்” என்றான். நால்வரும் சிரித்தார்கள். ஊரைப் பற்றிய ஒரு கிண்டலுக்கு வீரசோழன் பையன் மனம்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ரமண மகரிஷி பிறந்ததும் இதே திருச்சுழியில்தான். 1879 டிசம்பர் 30. அவர் பிறந்த வீடு இப்போது ‘சுந்தர மந்திரம்’. பதினாறு வயதில், 1896-ல் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனவர், அதன்பிறகு அந்த ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. தாயார் அழகம்மாள் தேடிப்போய் அழுது கூப்பிட்டும் திரும்பவில்லை. பல வருஷங்கள் கழித்து அம்மாவே மகன் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டார். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது, சென்னைப் பெண் ஒன்று மட்டும் கேட்டாள்: “உங்க அம்மா எத்தனை தடவைடா சென்னை வந்திருக்காங்க?”

“ஒரு தடவை. மூணு நாள்ல கிளம்பிட்டாங்க. ஆட்டை யாரு பார்ப்பானு.”

அடுத்து நரிக்குடி. அங்கே மருது சகோதரர்கள் கட்டிய சத்திரம் இருக்கிறது. ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்கள் தங்கிப் பசியாறுவதற்கானது. மருது சகோதரர்கள் பிறந்த முக்குளமும் இந்த வட்டாரம்தான். வெள்ளையரை எதிர்த்துப் போரிட்டு 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டவர்கள். “இதையெல்லாம் ஏன்டா எங்ககிட்ட சொன்னதே இல்ல?” என்றாள் காஞ்சிபுரம் பெண். அவனிடம் பதில் இல்லை.

“வாங்க தாயி!”

வீரசோழனில் இறங்கியபோது மதியம். பள்ளிவாசலும் கோயிலும் கடைவீதியும் பக்கம் பக்கமாக இருக்கும் ஊர். ஆடுகளுக்குப் பெயர்போன வாரச்சந்தை இங்கேதான் கூடும். அன்று சந்தை நாள் இல்லை; திடல் காலியாகக் கிடந்தது. பாய் கடை ஒன்றில் டீ குடித்தார்கள். கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். “நம்ம பய கூட்டாளிகளா? வீட்டுல சொல்லி அனுப்பிச்சாக, இந்நேரத்துக்கு வருவீகன்னு.” ஊருக்கே செய்தி போயிருந்தது.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தார். “வாங்கய்யா... வா தாயி, உள்ள வாங்க. வெயில்ல முகமெல்லாம் வாடிப்போச்சு.” செம்பில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர் இரண்டு தெரு தள்ளியிருக்கும் குழாயிலிருந்து குடத்தில் வந்தது என்பதை மகன் சொல்லவில்லை. மாலையில் பெண்கள் இருவரும் அம்மாவோடு குடம் எடுத்துப் போனபோது தெரிந்துகொண்டார்கள்.

மண்வெட்டி, அரிவாள், விதைப் பெட்டி எல்லாம் கழுவிப் பொட்டு வைத்துச் சுவரோரம் வரிசையாக நின்றன. அவற்றோடு சேர்த்து, மகன் கொண்டுவந்த லேப்டாப்பையும் அப்பா வாங்கி வைத்தார். அதன் மூடியில் சந்தனம் தடவி, குங்குமமும் வைத்தார். பொரிகடலையும் சுண்டலும் கைக்கு வந்தன. ராத்திரிக்குக் குதிரைவாலிச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். பெண்கள் அம்மாவோடு உள்ளே. பையன்கள் மொட்டை மாடியில்.

புழுதியில் போட்ட நெல்

மறுநாள் விஜயதசமி. “நல்ல நாளு. வெதைக்கப் போறேன், வாரீகளா?” என்று அப்பா கேட்டார். நால்வரும் போனார்கள்.

தஞ்சாவூர்ப் பையன் நெல்லோடு வளர்ந்தவன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்களா, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, நாற்று விட்டோமா, சேற்றில் நட்டோமா என்பதுதான் அவன் அறிந்த விவசாயம். இங்கே வயலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நடந்தால் கணுக்கால்வரை புழுதி ஏறியது. அப்பா அந்தப் புழுதியில் நெல்லை வீசி விதைத்துக்கொண்டு போனார்.

“அப்பா, தண்ணி இல்லாம எப்படி முளைக்கும்?”

“மழை வரும்ல?”

“வரலைன்னா?”

அவர் விதைப்பை நிறுத்தாமலே சொன்னார். “வரலைன்னா மண்ணுல கெடக்கும். எறும்பும் குருவியும் தின்னது போக மிச்சம் இருக்கும். அரைகுறையா ஒரு மழை பேஞ்சு, மொளச்ச பெறகு காஞ்சுச்சுன்னாதான்யா போச்சு.”

இதற்குப் பெயர் புழுதி விதைப்பு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே விதையை மண்ணுக்குள் போட்டுவைத்தால், முதல் மழையிலேயே முளைத்துவிடும். மழை வந்தபிறகு உழுது விதைத்தால் அந்த ஈரம் வீணாகிவிடும். கண்மாயில் இருக்கும் தண்ணீர் கடைசிப் பருவத்துக்குக் கைகொடுக்கும். கிருதுமால் நதியில் வைகைத் தண்ணீர் விட்டார்கள் என்றால் கண்மாய்க்குக் கொஞ்சம் வரும். விடவில்லை என்றால் மழைதான். அன்று அவர் விதைத்தது ‘அண்ணா 4’ ரக நெல். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 2009-ல் வெளியான, வறட்சியைத் தாங்கும் குறுகிய கால ரகம். நூறு நாள் சொச்சத்தில் அறுப்புக்கு வந்துவிடும்.

தஞ்சாவூர்ப் பையன் ஒரு கூடை நெல்லை வாங்கி விதைத்துப் பார்த்தான். ஓரிடத்தில் குவியல், ஓரிடத்தில் வெறுமை. “உங்க ஊரு சேத்துல நாங்க எறங்குனாலும் இப்படித்தான் முழிப்போம்” என்று அப்பா அவனைத் தேற்றினார்.

வரப்பில் உட்கார்ந்து மோர் குடிக்கும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. பக்கத்து நிலம் முழுக்கச் சீமைக்கருவேலம். அதன் ஓரத்தில் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. விறகை அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைத்து நாள்கணக்கில் காத்திருந்து எடுக்கும் கரி.

“அந்தக் காட்டுக்காரன் வெதைக்கிறதை விட்டு எட்டு வருஷமாச்சு. மரத்தை வெட்டிக் கரிக்கு வித்தா காசு. வெதைச்சா செலவு. எங்க பயலும் அதைத்தான் சொல்றான், எல்லாத்தையும் போட்டுட்டு மெட்ராசுக்கு வாங்கன்னு. கமுதியில சோலார் வந்ததுலேர்ந்து தரகருங்க வேற வாராங்க. இந்த வெதப்போட நிறுத்திரலாம்னு இருக்கேன்.”

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல் வந்தது. தண்ணீர் இல்லாத இந்த மண்ணில் குறைவில்லாமல் கிடைப்பது வெயில். அதை விற்பதில் தப்பு ஒன்றும் இல்லைதான்.

மூன்று நண்பர்களும் எதுவும் பேசவில்லை. வீரசோழன் பையன் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தான். இரண்டு வருஷமாகப் போனில் அவன் சொல்லிவந்தது இதுதான்: “நட்டத்துக்கு எதுக்குப்பா விவசாயம்?” அப்பா ஒவ்வொரு முறையும் “பார்க்கலாம்யா” என்பார். அந்தப் ‘பார்க்கலாம்’ ஒருநாள் சம்மதமாகிவிடும் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

மொட்டை மாடிப் பேச்சு

அன்றிரவு நாட்டுக்கோழிக் குழம்பு முடிந்து, நால்வரும் மொட்டை மாடியில். தூரத்தில் மூட்டத்தின் புகை வாசம். தெருவிளக்கு அணைந்ததும் வானம் முழுக்க நட்சத்திரம்.

“ஏன்டா இத்தனை வருஷம் கூட்டிட்டு வரல?”

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான். “ஃபர்ஸ்ட் இயர்ல ஹாஸ்டல்ல ஒருத்தன் ஊர் கேட்டான். சொன்னேன். ‘ஓ, தண்ணியில்லாக் காடா, அதான் குளிக்கிறதே இல்லையா’ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் மதுரைப் பக்கம்னு சொல்ல ஆரம்பிச்சேன். சொல்லிச் சொல்லி, ஊர்ல ஒண்ணுமே இல்லைன்னு நானே நம்பிட்டேன்.”

படிக்கட்டில் அம்மா தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. செம்பை வைத்துவிட்டு, “பனி இறங்குது, போர்த்திக்கிட்டுப் படுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

மறுநாள் காலையில் மகன் அப்பாவோடு வயலுக்குப் போனான். நண்பர்கள் வேண்டுமென்றே தூங்குவதுபோல் படுத்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்பது இருவருக்கும்தான் தெரியும். திரும்பி வரும்போது விதைப் பெட்டியை மகன் தூக்கிக்கொண்டு வந்தான்.

பை நிறைய ஊர்

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது நால்வரின் பையிலும் கனம் கூடியிருந்தது. குண்டு மிளகாய், கருப்பட்டி, குதிரைவாலி அரிசி, சீனிமிட்டாய். “இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போகலாம்ல?” என்று அம்மா நாலு முறை கேட்டார். காஞ்சிபுரம் பெண்ணின் கையில் ஒரு டப்பா தனியாக வந்தது. உள்ளே எள் பூரணக் கொழுக்கட்டை. “உங்க ஆபீஸ் ஆளுக பண்டிகைக்கு இதைத்தான் செய்வாகன்னு சொன்னியே தாயி, கொண்டுபோய்க் குடு.” மேனேஜர் கொரியாவிலிருந்து திரும்புவதற்குள் அது தீர்ந்துவிடும் என்பதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது.

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் காலை ஒரு போட்டோ வந்தது: ஈரமண்ணில் ஊசி ஊசியாகப் பச்சை. அதில் ஓர் இடத்தில் மட்டும் கொத்தாக முளைத்திருந்தது. “இது யாரு வெதச்சதுன்னு தெரியுதா?” என்று அப்பா குரல்பதிவும் அனுப்பியிருந்தார். தஞ்சாவூர்ப் பையன் கும்பிடும் எமோஜி போட்டான்.

தீபாவளிக்கு முந்தைய சந்தையில் அம்மா இரண்டு கிடாய்களை விற்றார். அந்தப் பணம் உரத்துக்கும் களையெடுப்புக்கும் போகிறது. அடுத்த வருஷம் விதைப்பதா வேண்டாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. “இந்த வெள்ளாமை வீடு சேரட்டும், பெறகு பார்க்கலாம்” என்கிறார் அப்பா.

கணக்குப்படி ஜனவரி கடைசியில் அறுப்பு. 2026 குடியரசு தினம் திங்கட்கிழமை வருவதால் மூன்று நாள் விடுமுறை கிடைக்கிறது. மூன்று பேர் சனிக்கிழமை வந்து சேர்வதாகப் பேச்சு. வீரசோழன் பையன் மட்டும் அதற்கு முந்தைய வாரமே லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். காரணம் என்ற இடத்தில் ‘வீரசோழனில் நெல் அறுப்பு’ என்று எழுதியிருந்தான்.