சுற்றிக் காட்டுகிறவள்

எடின்பரோ நகரத்தில் ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. வெயில் நன்றாக அடிக்கிறது, குளிர் மட்டும் விடவில்லை. பிரின்சஸ் தெருவை ஒட்டிய பூங்காவில், கோட்டையைப் பார்த்தாற்போல் கிடக்கும் பெஞ்சு ஒன்றில் இரண்டு பெண்கள். இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். ஒருத்தியின் கோட்டு புத்தம் புதுசு. மற்றவளுடையது ஒரு குளிர்காலத்தைப் பார்த்துவிட்டது, கை விளிம்பு நைந்திருக்கிறது. அவள் கைபேசியில் மணியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எதுக்குட்டி சும்மா சும்மா மணியப் பாக்க?"

"ஒண்ணுமில்ல. நீ கோட்டையப் பாரு."

புதுக் கோட்டுக்காரி நிமிர்ந்து பார்க்கவும் மேலே பீரங்கி வெடிக்கவும் சரியாக இருக்கிறது. "எம்மா!" என்று அலறிச் சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். கடற்பறவைகள் கூட்டமாகக் கிளம்புகின்றன. புல்வெளியில் கிடந்த உள்ளூர்க்காரர் ஒருவர் தன் கடிகாரத்தைச் சரிபார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். பழைய கோட்டுக்காரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"தினமும் ஒரு மணிக்குச் சுடுவாவ. 1861-ல இருந்து. கடல்ல நிக்கற கப்பல்காரங்க கடியாரத்தச் சரி பண்ணிக்கதுக்கு ஆரம்பிச்சது. ஞாயித்துக்கிழமை கிடையாது. அதான் உன்ன இன்னைக்கே இங்க உக்கார வச்சேன்."

நான் பக்கத்துப் பெஞ்சில். தலையில் கம்பளிக் குல்லாய், கழுத்தைச் சுற்றிச் சால்வை, மடியில் வரைபடம். இந்தக் கோலத்தில் இருக்கும் ஐம்பது வயதுப் பெண்ணை யாரும் கவனிப்பதில்லை. எனக்குத் தமிழ் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் பேச்சு 'நீங்க எந்த ஊரு' என்று என் பக்கம் திரும்பியிருக்கும். அதனால் பேசாமல் இருந்துகொண்டேன். முதல் முறை வருகிறவர்களுக்கு இந்த ஊரில் ஏறத்தாழ ஒரே வழிதான்: பூங்கா, மேடு, கோட்டை வாசல், பழைய வீதி, அருங்காட்சியகம். எனக்கும் அன்று அதே வழி. பிற்பகல் முழுக்க அவர்கள் எனக்குப் பத்தடி முன்னாலோ பின்னாலோ இருந்தார்கள்.

பேச்சிலிருந்து தெரிந்தது இவ்வளவு. இருவருக்கும் திருநெல்வேலி. பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். பழைய கோட்டுக்காரி ஒரு வருட முதுகலைப் படிப்புக்குச் செப்டம்பரில் வந்தவள். புதியவளுக்குப் பெங்களூரில் வேலை. அலுவலகம் அவளை லண்டனுக்கு அனுப்பியிருக்கிறது. காலை ரயிலைப் பிடித்து வந்திருக்கிறாள்.

"இந்தப் பள்ளம் பூராவும் ஒரு காலத்துல தண்ணி. ஊர்ச் சாக்கடையெல்லாம் இதுக்குள்ளதான் வந்து விழும்."

"நம்ம நயினார் குளம் மாதிரியா?"

"நயினார் குளத்த அப்படிச் சொல்லாதட்டி."

எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டுக்குக் கட்டிய கோபுரம் தெருவோரம் நிற்கிறது. 61 மீட்டர் உயரம், 1846-இல் திறந்தது, கரி படிந்த கறுப்பு. புதியவள் தீப்பிடித்ததா என்று கேட்கிறாள். வீட்டுக்கு வீடு நிலக்கரி எரித்த புகையைக் கல் குடித்துவிட்டது என்று இவள் சொல்கிறாள். "நீ வந்து இறங்கின ஸ்டேஷனுக்கும் இவரு நாவலோட பேருதான். வேவர்லி."

"கதை எழுதினவருக்கா இவ்ளோ!"

மேட்டில் ஏறிக் கோட்டை வாசலுக்கு வந்தார்கள். புதியவள் வரிசையைப் பார்த்தாள், கட்டணப் பலகையைப் பார்த்தாள், கையைப் பைக்குள் விட்டாள். "நான் எடுக்கேன்."

"வேண்டாம். உள்ள கிரீடமும் பீரங்கியும்தான். இங்கன நின்னு பாரு, கடல் வரைக்கும் தெரியும்."

அவள் சொன்னது சரிதான். அந்த முற்றத்திலிருந்து வடக்கே பார்த்தால் கூரைகளுக்கு அப்பால் ஃபோர்த் கழிமுகம் வெள்ளியாகத் தெரிகிறது. ஆனால் கோட்டைக்குள் அவளும் போனதில்லை என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. வந்தவளுக்கும் தெரிந்திருக்கும். வங்கி அட்டையைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி காசு எடுக்கக் கூடாது என்பதும், அதற்காக மல்லுக்கட்டக் கூடாது என்பதும் இருவருக்கும் ஒரே ஊரில் கற்றுத்தந்த பாடம்.

ராயல் மைல் என்கிற பழைய வீதியில் கூட்டம் நெரிந்தது. செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் தரையில் பதித்த கற்களுக்கு நடுவே இதய வடிவம் ஒன்று உண்டு. போகிற போக்கில் ஒருவர் அதன்மேல் துப்பிவிட்டுப் போனார். வந்தவள் முகம் சுளித்தாள். இங்கே பழைய சிறைச்சாலை இருந்தது, 1817-இல் இடித்தார்கள், அதன் வாசல் இருந்த இடத்தில் துப்புவது ஊர் வழக்கம் என்று இவள் விளக்கினாள். "நான் துப்பவும் மாட்டேன், மிதிக்கவும் மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே சுற்றிக்கொண்டு நடந்தாள். எத்தனையோ வாட்டி அப்படிச் சுற்றி நடந்த கால்.

நான்காம் ஜார்ஜ் பாலத்துச் சாலையில் ஒரு காப்பிக் கடை. கண்ணாடிக்கு உள்ளிருந்து ஒருவர் கையசைத்தார், இவளும் அசைத்தாள்.

"இங்கனதான் வேலை பாக்கேன். வாரத்துக்கு இருவது மணி நேரம். காலேஜு நடக்கறப்ப அதுக்கு மேல விசா விடாது."

"வா, உள்ள போயி ஒரு டீ குடிப்போம்."

"இங்க வேண்டாம், வா" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே நுழைந்ததும் வழி கேட்காமல், பலகை பார்க்காமல், நேராக ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பாடம் செய்து வைத்த ஒரு வெள்ளைச் செம்மறி. டாலி. வளர்ந்த விலங்கின் செல்லிலிருந்து நகலாக்கிப் பிறந்த முதல் பாலூட்டி. 1996 ஜூலையில், இந்த ஊருக்கு வெளியே உள்ள ராஸ்லின் ஆய்வகத்தில் பிறந்தது.

இங்கே அவள் வேறு ஆளானாள். அதுவரை வழிகாட்டியாகப் பேசினவள் இப்போது படிக்கிறவளாகப் பேசினாள். ஒரு ஆட்டின் மடியிலிருந்து செல் எடுத்தார்கள், இன்னொரு ஆட்டின் முட்டையில் உட்கருவை நீக்கிவிட்டு அந்தச் செல்லோடு சேர்த்தார்கள், மூன்றாவது ஆட்டின் வயிற்றில் வளர்த்தார்கள். "277 முட்டைல பண்ணிப் பாத்து, இது ஒண்ணுதான்ட்டி உயிரோட பொறந்துச்சு. ஒண்ணே ஒண்ணு." கை இரண்டும் காற்றில் செல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்தன. புரியாத இடத்தில் நிறுத்தி, நல்ல தமிழில் மறுபடி சொன்னாள். இவளிடம் பாடம் கேட்கிற பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவள் ஆட்டைப் பார்க்கவில்லை. சிநேகிதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளாஸ்ல வாயத் தொறக்க மாட்ட. இப்ப என்னமாப் பேசுத!"

"டிசம்பர்ல தினமும் இங்கதான வருவேன். எல்லாம் மனப்பாடம்."

"தினமுமா?"

"நாலு மணிக்கு முன்னாலயே இருட்டிரும். ரூமுல ஹீட்டர் போட்டாக் காசு. இங்க அஞ்சு மணி வரைக்கும் சூடா இருக்கும்."

"போன்ல சொல்லவே இல்லியே?"

"என்னத்தச் சொல்ல."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அந்த மண்டபத்தின் இரும்புத் தூண்களும் கண்ணாடிக் கூரையும் பார்க்க அத்தனை அழகு, அதைப் பார்க்கத்தான் நானும் போயிருந்தேன். ஆனால் என் கண் அங்கே நிற்கவில்லை. பீரங்கியின் வருடம், கல்லின் கறுப்பு, சிறைவாசல், ஆடு எல்லாம் அவள் குளிர்காலம் முழுக்கத் தனியாக நடந்து சேர்த்துவைத்த ஊர். வீட்டுக்குப் போன படங்களில் கோட்டை இருந்திருக்கும், பனி இருந்திருக்கும். சூடு தேடி அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருந்த பெண் இருந்திருக்க மாட்டாள். அவளைப் பார்க்க இன்றைக்குத்தான் ஆள் வந்திருக்கிறது.

இந்த ஊருக்குப் படிக்க வந்த நம்மவர்களில் இவள் முன்னோடி அல்ல. வேதியியலர் பிரபுல்ல சந்திர ராய் 1880-களில் இங்கே படித்து, 1887-இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். வங்காளத்திலிருந்து கப்பலில் வரவே வாரக்கணக்காகும். ஒரு சனிக்கிழமை மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஊர்ச் சிநேகிதர் அந்தக் காலத்தில் அரிது. இன்றைக்கு அது முடிகிறது.

வெளியே கிரேஃபிரையர்ஸ் பாபி என்கிற சிறிய நாய்ச் சிலை. செத்துப்போன எஜமானின் கல்லறையை விட்டுப் போகாமல் கிடந்த நாய் என்பார்கள். சுற்றுலா வந்தவர்கள் மூக்கைத் தடவித் தடவி மூக்கு மட்டும் பளபளக்கிறது. வந்தவளும் கையை நீட்டினாள். இவள் தட்டிவிட்டாள். "தொடாத. இந்த ஊர்க்காரங்களுக்குப் பிடிக்காது."

கடைசியில் மெடோஸ் மைதானம். பாதையின் இரண்டு பக்கமும் செர்ரி மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தன. வெயில் கண்ட மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் புல்லில் கிடந்தார்கள். இருவரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நான் பாதையோர பெஞ்சில்.

"அடுத்து ஆர்தர்ஸ் சீட்" என்றாள் இவள். "பழைய எரிமலை. 251 மீட்டர்தான், ஒரு மணி நேரத்துல ஏறிரலாம். இருட்ட எட்டரை ஆகும்."

"உன் ரூமு எங்க?"

"அதுல பாக்க என்ன இருக்கு? சின்னது."

"எனக்கு எதுக்கு ஹாஸ்டல்ல கட்டில் பிடிச்சுப் போட்டிருக்க? உன் ரூமுல படுத்தா ஆகாதா?"

"ஒரு கட்டில்தான்ட்டி இருக்கு. உனக்கு வசதிப்படாது."

"உங்க வீட்டு மச்சில ஒரே பாய்ல படுத்தோமே, அப்ப வசதிப்பட்டுச்சா?"

பதில் இல்லை. இவள் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஹாஸ்டல் கட்டிலுக்குக் கொடுத்த காசு காப்பிக் கடையில் எத்தனை மணி நேரம் நின்ற காசு என்று வந்தவள் கணக்குப் போட்டிருப்பாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

"எந்திரி. மலை எங்கயும் போயிராது, நாளைக்கு ஏறலாம். ரூமக் காட்டு. அடுப்பு இருக்குல்ல? நான் சோறு வைக்கேன்."

"அரிசி இருக்கு. தக்காளி வாங்கணும்."

"வாங்குவோம்."

எழுந்தார்கள். கூட்டிக்கொண்டு போனது இப்போது வந்தவள், வழி தெரியாவிட்டாலும். நான் அவர்கள் பின்னால் போகவில்லை. எரிமலை என் வழி, அறை அவர்கள் வழி.

வேலையாக லண்டன் வரைக்கும் போகிறவர்கள் இப்போது நம்மில் நிறையப் பேர். உங்களுக்குத் தெரிந்த பிள்ளை யாராவது அந்த நாட்டில் தனியாக இருந்து படித்துக்கொண்டிருந்தால், டவர் பாலத்துக்கும் மெழுகுச் சிலைகளுக்கும் வைத்திருக்கிற நாளில் ஒன்றை எடுத்து அதற்குக் கொடுங்கள். எடின்பரோ என்றால் கிங்ஸ் கிராஸில் ஏறினால் ஏறத்தாழ நாலரை மணி நேரம்தான். அந்தப் பிள்ளை காட்டுகிற கோட்டையைப் பாருங்கள், சொல்கிற கதையை முழுசாகக் கேளுங்கள். அப்புறம் தங்கியிருக்கிற அறையையும் காட்டச் சொல்லுங்கள்.