ஒயிலுக்குள் தண்ணீர்

ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் ஒரு பழைய பனி தள்ளும் மெசின் நிற்கிறது. வீட்டை விற்றுவிட்டுப் போன ஒரு கிழவரிடம் நாற்பது டொலருக்கு வாங்கினோம். சிவப்புப் பெயின்ற் உரிந்து, கைபிடி ஆடி, பார்ப்பதற்கு ஒரு மதிப்பும் இல்லாத சாமான். ஆனால் கயிற்றை இரண்டு தரம் இழுத்தால் ஓடும். அண்ணனும் தம்பியுமாக நாங்கள் இருவரும் ஒரே வீட்டின் மேலும் கீழும் குடியிருப்பதால் அது எங்கள் இருவருக்கும் பொதுச் சொத்து.

2013 டிசம்பர் 21, 22 ஆம் திகதிகளில் ரொறன்ரோவில் உறைபனி மழை பெய்தது. மரங்கள் கண்ணாடிபோலாகி முறிந்து விழுந்தன. மின்சாரம் நாட்கணக்கில் நின்றது. கராஜுக்குள் வேறு சாமான்களை அடைத்திருந்ததால் அந்த மெசின் வெளியே ஒரு படங்கின் கீழ் நின்றது. அதன்பின் வந்த நாட்களில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று ஓட்டி வாசலைத் துப்புரவாக்கினோம். சனவரி தொடங்கி ஒருநாள் ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்துப் பார்த்தால், அதில் ஒட்டியிருந்தது ஒயில் அல்ல. பால் கூடின தேத்தண்ணியின் நிறத்தில் ஏதோ ஒரு களி.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

இணுவிலில் எங்கள் ஐயாவிடம் ஒரு இறைப்பு மெசின் இருந்தது. 1970களின் முற்பகுதியில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் இறக்குமதியாகாமல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நிமிர்ந்தார்கள். அந்த வெங்காயக் காசில் 1974 இல் ஐயா வாங்கியது அது. பெற்றோலில் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்குத் திருப்புகிற சின்ன எஞ்சின். அது வந்தபிறகுதான் துலா மிதிப்பது எங்கள் வீட்டில் நின்றது.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கி, பொருளாதாரத் தடையும் வந்தபோது பெற்றோல் சின்னச் சீசாக்களில் விற்கப்பட்டது. எஞ்சின் ஒயில் அதைவிட அருமை. மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அடிக்கடி மாற்றவேண்டும், மாற்ற ஒயில் இல்லை. ஐயா பழைய ஒயிலைப் போத்தலில் விட்டுக் கிழமைக்கணக்கில் அடைய வைப்பார். தெளிந்ததை மட்டும் சீலையில் வடித்துத் திரும்ப விடுவார். அடியில் தண்ணீர் கண்டிருந்தால், சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் ஒயில் ரின்னை வைத்து மெல்லிய நெருப்பில் சூடாக்குவார். தண்ணீர் இருக்கும்வரை சடசடவென்று பொரியும். சத்தம் அடங்கினால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். தீப்பிடிக்கக்கூடிய வேலை அது. எங்களைக் கிட்ட விடமாட்டார்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்தை விட்டு எல்லோரும் போகவேண்டுமென்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த இரவைப்பற்றி இங்கே நாங்கள் எழுதத் தேவையில்லை. வாசிக்கிறவர்களில் பலர் அதே வீதியில், அதே மழையில் நின்றவர்கள். இரண்டு சைக்கிள்கள். அம்மா, அரிசி மூட்டை, உடுப்பு, ஆச்சி. மெசினைக் கொண்டுபோக வழியில்லை. ஐயா கோடிப்புறத்தில் கிடங்கு வெட்டினார். நாங்கள் லாம்பு பிடித்தோம். உரப் பையிலும் பொலித்தீனிலும் சுற்றி, பனையோலை போட்டு, செம்மண்ணால் மூடிவிட்டு வெளிக்கிட்டோம்.

தென்மராட்சியில் ஆறு மாதம். 1996 ஏப்ரலில் இராணுவம் அங்கும் வந்தபிறகு சனம் திரும்பி நடந்தது. எங்கள் வீட்டில் கூரை பாதி இருந்தது. கதவுகள் இல்லை. கிடங்கைத் தோண்டியபோது மெசின் இருந்தது. ஐயா அதைத் தொட்டுத் தடவிப் பார்த்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. வெளித்துருவைத் துடைத்து மாமரத்தின் கீழ் வைத்தார். “நான் வந்தாப்பிறகு பாப்பம்” என்று சொல்லிவிட்டுச் சங்கக்கடைக்கு, நிவாரண வரிசைக்குப் போனார்.

அம்மாவின் காப்பு ஒன்று விதைவெங்காயமாகி நிலத்தில் நடப்பட்டிருந்தது. மூன்று நாலு நாளுக்கு ஒருக்கால் தண்ணீர் காட்டவேண்டும். அன்று ஐந்தாம் நாள். ஐயா வருவதற்குள் இறைத்து முடித்து அவரைச் சந்தோசப்படுத்தலாம் என்று நாங்கள் நினைத்தோம். பிளக்கைக் கழற்றித் துடைத்தோம். காபரேற்றரை ஊதினோம். ஒயில் மூடியைத் திறந்தும் பார்த்தோம். பார்க்காமல் விட்டோம் என்று யாரும் சொல்லமுடியாது. ஒயில் வழிய வழிய நின்றது. மேலே தெளிவாக, நல்ல நிறமாக. “ஐயா நிறைய விட்டுத்தான் புதைச்சிருக்கிறார்” என்று சொல்லிக்கொண்டோம்.

தண்ணீர் ஒயிலிலும் பாரம் கூடியது என்பதும், அசையாமல் இருந்தால் அது அடியில் போய்க் கிடக்க ஒயில் மேலே மிதக்கும் என்பதும் பள்ளிக்கூடத்தில் படித்த விசயம்தான். மாமரத்தின் கீழ் அது ஞாபகத்துக்கு வரவில்லை. இந்தமாதிரிச் சின்ன எஞ்சினுக்குள் ஒயில் பம்ப் கிடையாது. கொனெக்ரிங் றொட்டின் அடியில் ஒரு சின்னக் கரண்டி இருக்கும். அது ஒவ்வொரு சுற்றிலும் அடியிலுள்ளதை அள்ளி எறியும். அடியில் இருப்பது தண்ணீரென்றால் தண்ணீரைத்தான் அள்ளி எறியும்.

பதினைந்து இருபது தரம் இழுத்தபின் பிடித்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தா. கால் மணித்தியாலம் இருக்கும். சத்தம் மாறியது. பிறகு ஒரே ஒரு ‘கடக்’. றொட் முறிந்து பெட்டியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றது. அந்த ஓட்டையிலிருந்து வெள்ளையாக, மோர்போல, வழிந்தது.

யார் மெசினைப் பிடித்தது, யார் கயிற்றை இழுத்தது என்பதை நாங்கள் அதன்பிறகு பேசியதில்லை.

ஐயா வந்து பார்த்தார். ஏசவில்லை. அடுத்தநாள் அயலில் கேட்டு மரம் எடுத்துவந்து துலாவை நிறுத்தினார். அந்தப் போகம் முழுக்க நாங்கள் இருவரும் துலா மிதிக்க அவர் பட்டை பிடித்து இறைத்தார். அவருக்கு அப்போது அறுபதை நெருங்கிய வயது. இரவில் நாரி நோவுக்கு அம்மா எண்ணெய் பூசுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கும். வெங்காயம் தப்பியது. ஆனால் ஐயாவின் நாரி பழைய நிலைக்கு வரவில்லை. நாங்கள் ஒருவர் பின் ஒருவராக வெளிநாடு வந்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். அந்த ஓட்டை விழுந்த மெசின் மாமரத்தின் கீழ் கிடந்ததும் ஒன்று.

அம்மா காலமானபின் ஐயாவை இங்கே கூப்பிட்டோம். அந்தச் சனவரி நாளில் அவர் காது மூடிய தொப்பியோடு கராஜ் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கம்பியை வாங்கினார். விரலில் தொட்டுத் தேய்த்தார். மணந்து பார்த்தார்.

“தண்ணி. கயிறை இழுக்காதேங்கோ.”

அதன்பிறகு அவர் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். மெசினைக் கராஜுக்குள் உருட்டி, வீட்டுச் சூடு படுகிற பக்கமாக இரவு முழுக்க அசைக்காமல் வைத்தோம். காலையில் அடி நட்டை மெதுவாகத் தளர்த்தினோம். முதலில் சொட்டியது தண்ணீர். பிறகு களி. மெசினைச் சரித்து, ஒரு மணித்தியாலம் வடியவிட்டோம். மலிந்த ஒயில் விட்டு, பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, கயிற்றை மெல்ல நாலைந்து தரம் இழுத்து உள்ளே கழுவினோம். அதையும் வடித்தோம். திரும்ப விட்டு, ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டி, சூட்டோடு வடித்தோம். அது மங்கலாக வந்தது. இன்னொரு தரம். மூன்றாவது தரம் வடிந்தது தேன்போல இருந்தது. கடைசியாகக் குளிருக்குரிய 5டபிள்யூ-30 ஒயில். பெற்றோல் தாங்கியையும் வெறுமையாக்கிப் புதிதாக விட்டோம். வடித்த ஒயிலையெல்லாம் போத்தல்களில் அடைத்து மாநகரசபையின் கழிவு நிலையத்தில் கொடுக்கப் போனபோது ஐயா மனவருத்தப்பட்டார். இவ்வளவு ஒயிலைக் குடுக்கிறதோ என்று கேட்டார்.

தண்ணீர் எப்படி வந்தது என்பதும் பிறகு விளங்கியது. மூடியின் றப்பர் வளையம் வெடித்திருந்தது. அதனால் மழைநீர் இறங்கியிருக்கலாம். அதோடு, ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். அதில் கொஞ்சம் எஞ்சினுக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓடினால் அது வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் உள்ளேயே குளிர்ந்து ஒயிலோடு கலக்கும். நாங்கள் பெற்றோல் மிச்சம் பிடிக்கிறோம் என்று செய்ததுதான் பிழை.

கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர் வாய்விட்டோம். “அண்டைக்கு வழிய வழிய நிண்டது, ஐயா. நாங்கள் ஒயில் எண்டு நினைச்சம்.”

பதினேழு வருடத்துக்குமேல் பேசாத பேச்சு. ஐயா எங்களைப் பார்க்காமல் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் புதைக்கேக்கை அரைவாசிதான் நிண்டது. மூடிக்கு வாசர் இல்லை. சீலைத்துண்டு சுத்தித்தான் முறுக்கினனான். மாரி மழைக்கு அது தாங்காதெண்டு எனக்குத் தெரியும். போகேக்கை உங்களுக்குச் சொல்லிப்போட்டுப் போயிருக்கவேணும். வரிசையிலை நிண்டு கொண்டுதான் ஞாபகம் வந்தது.”

“பிறகு ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?”

“என்னெண்டு சொல்லுறது? நீங்கள் ரெண்டுபேரும் ஒண்டும் கதைக்காமல் துலா மிதிச்சியள்.”

வேறொன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கராஜுக்குள்ளேயே குடித்தோம்.

அந்த மூடிக்கு ஒரு புது வளையம் கடையில் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். வாங்கித்தருகிறோம் என்று சொன்னோம். ஐயா கேட்கவில்லை. தன்னுடைய பழைய இடுப்புப்பட்டியில் ஒரு துண்டு வெட்டி, நடுவில் துளைத்து, ஒயிலில் ஊறவைத்து, தானே போட்டு முறுக்கினார். 2019 இல் அவர் காலமானார். ஒவ்வொரு வருடமும் முதல் பனிக்கு முன் நாங்கள் இருவரும் மெசினை வெளியே எடுத்து, கயிற்றில் கை வைக்கமுன் மூடியைத் திறந்து ஒயிலைப் பார்க்கிறோம். அந்தத் தோல் வளையம் இன்னும் அதிலேயே இருக்கிறது.